பட்டாவில் இல்லாத பெயர்: ஆறாயிரம் ரூபாயும் 'விவசாயி' என்னும் கட்டமைப்பும்

1

திருமழிசை தாண்டி வெள்ளவேடு போகிற பக்கமாக ஒரு அரை ஏக்கர் நிலம். வடக்கே கல் நட்டு கலர் கொடி கட்டிய மனைப்பிரிவு, தெற்கே தகரக்கூரை போட்ட கிடங்கு, நடுவில் பாத்தி பாத்தியாகச் சிறுகீரையும் அரைக்கீரையும். அதில் பாடுபடுகிற அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே கீரையைப் பிடுங்கி, மண் அலசி, கட்டுக்கட்டி, ஆவடி பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டு பத்து மணிக்கெல்லாம் திரும்பவும் பாத்தியில் நிற்பார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. நிலம் அவருடையதல்ல. "ஓனரு அண்ணா நகர்ல கீறாரு சார். வருசத்துக்கு ஒருவாட்டி வருவாரு. பயிர பாக்க இல்ல, நட்ட கல்லு நட்ட எடத்துல கீதான்னு பாக்க."

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுப்பதற்காக ஊர் ஊராக முகாம் போட்டார்கள். இந்த அம்மாவும் ஆதார் அட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். பட்டா எண்ணைக் கேட்டார்கள். இல்லை. 'உங்க பேர்ல நெலம் இல்லையேம்மா, நீங்க விவசாயி லிஸ்ட்ல வரமாட்டீங்க' என்று, கோபமாக இல்லை, மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் கேட்டது: "அப்ப நான் யாரு சார்?"

இது ஏதோ நியாயம் கேட்கும் குரல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நாம் பச்சாதாபத்தோடு நின்றுவிடுவோம். உண்மையில் இது கோட்பாட்டுரீதியான கேள்வி. அரசு 'விவசாயியே' என்று விளிக்கும்போது யார் திரும்பிப் பார்க்கிறார்கள், யார் திரும்பிப் பார்த்தும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதுதான் அது. சித்தாந்தம் மனிதர்களை 'விளித்து'த் தன்னிலைகளாக ஆக்குகிறது என்று 1970இல் அல்தூசர் எழுதியதை நாம் வேண்டிய மட்டும் மேற்கோள் காட்டிவிட்டோம். ஆனால் விளி கேட்டுத் திரும்பிய ஒருத்தியிடம் 'உன்னைக் கூப்பிடவில்லை' என்று சொல்லப்படும் இடத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. உழவர்களுக்கு அரசு நேரடியாகத் தரும் பணம் அப்படியோர் இடம்.

2

முதலில் அந்தப் பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 'பி.எம். கிசான்' எனப்படும் திட்டம் 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 24ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கப்பட்டது. 2018 டிசம்பர் 1 முதலே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000, நேராக வங்கிக் கணக்குக்கு. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 பொதுத்தேர்தல் முடிந்த கையோடு நிலமுள்ள எல்லா விவசாயிகளுக்கும் என்று விரித்தார்கள். இருபத்தோராவது தவணை 2025 நவம்பர் 19 அன்று கோவையிலிருந்தே விடுவிக்கப்பட்டது. 2019இல் என்ன தொகையோ அன்றும் அதே தொகைதான். நாள் கணக்குப் போட்டால் பதினாறு ரூபாய் சொச்சம், ஒரு டீக்காசு. பத்து சென்ட் வைத்திருப்பவருக்கும் பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒன்றேதான்.

யாருக்குக் கிடையாது என்கிற பட்டியல் நீளமானது. அமைச்சர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் வாங்குவோர், வருமான வரி கட்டுவோர், பதிவுபெற்ற டாக்டர்கள், வக்கீல்கள், இன்ஜினியர்கள். இதுவரை சரி. அடுத்தது 'நிறுவன நில உடைமையாளர்கள்'. கோயில் நிலம் சாமி பேரில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் சாமி ஒரு நிறுவனம். ஆக, சாமிக்கும் ஆறாயிரம் கிடையாது, சாமி நிலத்தில் பரம்பரையாகக் குத்தகை கட்டி உழுகிறவருக்கும் கிடையாது. புறம்போக்கில் பயிர் வைப்பவருக்குக் கிடையாது. வாரத்துக்கும் குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்பவருக்குக் கிடையாது. கூலிக்கு நாற்று நடும் பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. புருஷன் பேரில் பட்டா இருந்து, புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலைக்குப் போக, மொத்த விவசாயத்தையும் பார்த்துக்கொள்கிற மனைவி அந்தப் பட்டியலில் 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார்.

வழிகாட்டு நெறிகளில் இரண்டு நுணுக்கங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, அதில் கேட்கப்படுவது 'சாகுபடிக்கு ஏற்ற நிலம்'. சாகுபடி செய்யப்படுகிற நிலம் என்று இல்லை. ஏற்றதாக இருந்தால் போதும். கருவேலம் மண்டிக் கிடந்தாலும் ஆவணத்தில் நன்செய் என்றிருந்தால் அது விளைநிலம். இரண்டாவது, 2019 பிப்ரவரி 1 அன்று நில ஆவணத்தில் யார் பெயர் இருந்ததோ அவரே தகுதியுடையவர். அதற்கப்புறம் நிலம் வாங்கி உண்மையிலேயே ஏர் பூட்டினாலும் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்க்கப்பட மாட்டார். ஒரே விதிவிலக்கு, நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு மாறினால். இதன் பொருள் என்ன? அந்தத் தேதிக்குப் பிறகு யாரும் உழைத்து விவசாயி ஆக முடியாது, விவசாயியாகப் பிறக்க மட்டுமே முடியும். பிறப்பால் வருகிற தகுதி என்பது இந்த மண்ணில் எந்த ஏற்பாட்டின் மொழி என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

3

சென்னையின் மேற்கு விளிம்பு இந்த நுணுக்கங்கள் எல்லாம் சதையும் ரத்தமுமாகத் தெரிகிற இடம். இது ஏரிப் பாசன நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி, செம்பரம்பாக்கம் என்று ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகிற மாதிரி கட்டின பூமி. ஒவ்வொரு ஏரிக்கும் கீழே ஆயக்கட்டு. 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்தது. பிறகு வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள், பிறகு தனியார் மனைகள். இன்று அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் இருக்கிறது, பாய வயலில்லை. ஆயக்கட்டு இல்லாத ஏரி என்பது அர்த்தம் கழன்றுபோன குறியீடு மாதிரிதான்.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று, 2018இல் சென்னை மாவட்டத்துக்கே போயிற்று. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. மிச்சமிருப்பது பூந்தமல்லி, திருநின்றவூர் சுற்றுவட்டத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும் வயல்கள்தான். இந்த வயல்களில் நிலத்துக்கு இரண்டு விலை. ஒன்று நெல்லோ கீரையோ விளைவதால் வருகிற விலை. இன்னொன்று எப்போதாவது மனையாகப் போகும் என்பதால் வருகிற விலை. பின்னது முன்னதைப்போலப் பல மடங்கு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தபோது, இந்தப் பகுதியில் டீக்கடை தோறும் அதுவே பேச்சு. பயிர் பற்றி யார் பேசினார்கள்?

காத்திருக்கிற உடைமையாளருக்கு நிலம் சும்மா கிடந்தாலும் சங்கடம். ஆக்கிரமிப்பு பயம், புதர், குப்பை லாரி. அதனால் 'சும்மா போட்டு வைக்காதே, ஏதாவது வெச்சுக்கோ' என்று வாய்வார்த்தையில் விடுகிறார். எழுத்து இல்லை, ரசீது இல்லை. குத்தகைக்காரர் இங்கே பயிரும் வைக்கிறார், சம்பளமில்லாத காவலாளியாகவும் இருக்கிறார். அவர் பயிர் வைப்பதனால்தான் நிலம் 'விளைநிலமாக' இருக்கிறது. அது விளைநிலமாக இருப்பதனால் தவணை உடைமையாளர் கணக்கில் ஏறுகிறது. வருமான வரி கட்டாத ஒரு கடைக்காரராக அவர் இருந்தால் சட்டப்படியே ஏறுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் மோசமான விஷயம்.

பணம் மட்டுமல்ல, மற்றதும் இதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. இணைப்பு கிணற்றின் சொந்தக்காரர் பெயரில். 2000களின் தொடக்க வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு எடுத்தது. கிணறு யாருடையதோ காசு அவருடையது. 2006இலும் 2021இலும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின, 2021இல் மட்டும் 12,110 கோடி. பட்டா இல்லாமல் பயிர்க்கடன் வாங்க முடியாதவர் நகையை அடகு வைத்தார், கந்துக்காரரிடம் போனார். அந்தக் கடனை எந்த அரசும் தள்ளுபடி செய்யவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் 'யார் பயிர்' என்று எழுத மனசு வைத்தால் குத்தகைக்காரருக்கு வரும். இல்லாவிட்டால் தண்ணீரில் நின்றவர் ஒருவர், வாங்கினவர் இன்னொருவர்.

4

பட்டா என்கிற ஒற்றைப் பெயருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? செங்கல்பட்டு ஜாகிர் என்று கம்பெனி அழைத்த இந்தப் பிரதேசத்தை (திருவள்ளூர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதிதான்) 1767க்கும் 1774க்கும் இடையே பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளில் களத்துமேட்டில் நெல் எப்படிப் பிரிந்தது என்பது இருக்கிறது. கணக்கருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு என்று ஒரே விளைச்சலின் மீது பல கைகளுக்கு உரிமை. உடனே 'பாருங்கள் நம் பொற்காலத்தை' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அப்படியில்லை. அந்தக் களத்தில் மிராசுதாரர் உட்கார்ந்திருந்தார், நிலத்தோடு கட்டப்பட்ட படியாட்கள் நின்றிருந்தார்கள். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆனால் ஒன்று உண்மை. பல பெயர்கள் எழுதப்பட்ட ஏட்டை ரயத்துவாரி முறை ஒரே பெயராகச் சுருக்கிற்று. வரி வாங்க அரசுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் பட்டாதாரர். வரி வாங்குவதற்காக உண்டாக்கிய பெயரை, இருநூறு வருஷம் கழித்து, பணம் கொடுப்பதற்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பணம் போகும் திசைதான் மாறிற்று, அரசு பார்க்கிற கண் மாறவில்லை.

அந்த ஏட்டில் இடம் பிடிக்க நடந்த போராட்டத்தின் வரலாறும் இதே செங்கல்பட்டில்தான் இருக்கிறது. 1891இல் கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், பிறர் பட்டாவில் போய்ச் சேர்ந்தது. அதை மீட்கக் கேட்டபோதுதான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். இன்று பறிபோன பஞ்சமி நிலத்தின் பேரில் யாராவது 'விவசாயி' தவணை வாங்கினால், கணினிக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது சர்வே எண்ணும் பெயரும். ஆவணம் வன்முறையை மறப்பதற்கான கருவியாகவும் இருக்கிறது.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாய வாரச் சட்டம், 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம், எல்லாம் தமிழ்நாட்டில் உண்டு. நடந்தது என்னவென்றால், பதிவாகிவிட்டால் எழுப்ப முடியாது என்று உடைமையாளர் உஷாரானார். எழுத்தை நிறுத்தினார், ஆளை மாற்றினார். பாதுகாக்க வந்த சட்டம் குத்தகையையே வாய்வார்த்தைக்குத் தள்ளிவிட்டது. மேற்குப் புறநகரில் நிலம் மனைவிலை கண்ட பிறகு இந்தப் பயம் நூறு மடங்கு. 'பேரக் குடுத்தா நெலமே பூடும்' என்கிறார்கள்.

5

பட்டியலில் வெளியாட்கள் நுழைந்தால் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 கொரோனா முடக்கத்தில் இத்திட்டத்துக்குத் தாமே பதிவு செய்துகொள்ளும் வழி திறந்திருந்தது. வேளாண் அலுவலகங்களின் கடவுச்சொற்களை வைத்து, இடைத்தரகர்கள் மூலம், தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டது ஆகஸ்டில் வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் அதிகம். 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. தற்காலிக ஊழியர்கள் வேலை நீக்கம், கைதுகள். கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

தரகர்கள் செய்தது திருட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஏறியவர்களில் பலர், கொரோனா உதவி என்று நம்பி ஆதாரைக் கொடுத்த ஏழைகள் என்று அப்போதே செய்திகள் வந்தன. ஏர் பிடிக்காத பட்டாதாரர் வாங்கினால் 'பயனாளி'. நிலமில்லாத கூலிக்காரர் வாங்கினால் 'போலி விவசாயி'. இந்த 'போலி' என்ற சொல்லை நாம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். எது அசல்? அதன் பிறகு இறுகியது எல்லாம் கண்காணிப்புதான். 2022இலிருந்து முகம், விரல், கைபேசி எண், நில ஆவண இணைப்பு. 2025இல் அடையாள எண். பட்டாதாரர் உயிரோடிருக்கிறாரா என்று ஒவ்வொரு தவணைக்கும் கவலைப்படுகிற அமைப்பு, அவர் நிலத்தில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமா? 1933இல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு பருத்தி விலையைத் தூக்கி நிறுத்த, பயிர்ப் பரப்பைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. பணம் நிலப்பிரபுக்கள் கைக்குப் போயிற்று, அவர்கள் வாரக்குடிகளுக்குப் பங்கு தரவேண்டும் என்பது ஏற்பாடு. பலர் பங்கு தருவதற்குப் பதிலாகக் குடியையே வெளியேற்றினார்கள். பயிர்ப் பரப்பு குறைந்தால் ஆளும் வேண்டாமே! 1934இல் ஆர்கன்சாஸில் கறுப்பர்களும் வெள்ளையருமாகச் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். குத்தகைதாரரை வெளியேற்றக்கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் எழுதிய அரசு வக்கீல்கள் 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மானியம் தானாக நடுநிலையாக இருப்பதில்லை. ஏற்கனவே இருக்கும் உடைமை உறவு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வில்தான் அது ஓடும்.

6

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். 'விவசாயி' என்ற பெருங்கதையாடலை அரசு மட்டும் கட்டவில்லை. நாமும் கட்டினோம். 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த மின்கட்டணப் போராட்டம் பெரிய எழுச்சிதான். அதன் நாயகர் பம்புசெட்டு வைத்திருந்தவர். அதற்குச் சில வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி கேட்ட வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். முன்னது 'விவசாயிகள் போராட்டம்' என்ற கோப்பில், பின்னது 'விவசாயத் தொழிலாளர் பிரச்சினை' என்ற கோப்பில். கோப்பைப் பிரித்தது யார்? பொங்கலுக்குக் கவிதை எழுதும்போது நம் மனக்கண்ணில் வரும் உழவன் ஆண், கலப்பை சுமந்தவன், நிலம் உள்ளவன். வெள்ளவேட்டில் கீரைக்கட்டு சுமக்கிற அம்மா அந்தச் சித்திரத்தில் வருகிறாரா?

மாற்று வழி ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. சுவாமிநாதன் ஆணையத்துக்குப் பின் வந்த 2007ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கை, 'விவசாயி' என்ற சொல்லுக்குள் குத்தகைதாரரையும் வாரக்குடியையும் விவசாயத் தொழிலாளியையும் சேர்த்தது. மத்திய அரசின் சொந்தக் காகிதம்தான். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பணம் கொடுக்கும்போது அதை மறந்தார்கள். ஒடிஷாவின் 'காலியா' திட்டம் நிலமற்றவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஆந்திராவின் 2019 சட்டம் குத்தகைதாரருக்கு அட்டை கொடுத்தது, ஆனால் உடைமையாளர் கையெழுத்து வேண்டும் என்றது. அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. அங்கேயே 2011இல் வந்த சட்டம் அப்படிக் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கோரிக்கையை இப்படி வைக்கலாம். பயிருக்கான பணம், சேதத்துக்கான பணம், பயிர்க்கடன் ஆகியவை நிலத்தின் உரிமையோடு கட்டப்படாமல் அந்தப் பருவத்தின் சாகுபடியோடு கட்டப்படட்டும். அடங்கலில் ஒவ்வொரு பருவமும் 'பயிர் செய்பவர்' பெயர், ஆணோ பெண்ணோ, தனியாக ஏறட்டும். உடைமையாளர் கையெழுத்துக்குப் பதில் கிராம சபையின் முன் அக்கம்பக்கத்தார் சாட்சி போதும் என்றாகட்டும். இந்தப் பதிவு நில உரிமைக்கு ஆதாரமாகாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் உடைமையாளரின் பயம் குறையும். இதில் ஒரு சமரசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'உழுபவருக்கே நிலம்' என்று முழங்கிய நாம் 'உழுபவருக்கே உழுபவர் என்ற பெயர்' என்ற அளவுக்கு இறங்கிப் பேசுகிறோம். ஆனால் பெயரில்லாதவர் எந்தக் கோரிக்கையையும் எங்கேயும் மனுவாக எழுத முடியாது. நில உரிமைப் போராட்டத்துக்கு இது மாற்றாகாது. அதற்குப் போகிற வழியில் முதல் படியாக இருக்கலாம். கூலிப் பெண்களை இந்த அடங்கல் வழியும் சேர்க்காது, அவர்களுக்குத் தனி வழி வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

போன மாதம் திரும்பவும் அந்தப் பக்கம் போயிருந்தேன். பாத்தியில் பாதியைக் காணோம். செம்மண் கொட்டி மட்டம் பண்ணியிருந்தார்கள். "தை வரைக்கும் வெச்சுக்கோன்னு சொல்லிக்கீறாரு" என்றார் அந்த அம்மா, மிச்சப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே. அடுத்த தவணை யார் கணக்கில் ஏறும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரியும்.